போர்வைக்குள் ஒரு தட்டுச் சோறு

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழி மாதம் நடந்தது இது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, குன்னம் பக்கத்தில் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில் நான் சமையல் வேலை பார்க்கிறேன். அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

மார்கழியில் எங்கள் பக்கம் பனி இறங்கிவிட்டால் காலையில் ரோடு தெரியாது. சிமெண்ட் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகும். பஸ்ஸை விட்டு இறங்கி இல்லத்துக்கு நடக்கிற வழியில் இரண்டு பக்கமும் பருத்திக் காடு. எங்கள் ஊர்களில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். காய் வெடித்து வெள்ளையாக நிற்கும் நேரம் அது. பனி எங்கே முடிகிறது, பருத்தி எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நான் பாதித் தூக்கத்திலேயே நடந்து, அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் முழுசாக விழிப்பேன்.

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என் சமையலை யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். சேர்ந்த புதிதில் தட்டுகள் பாதி சோற்றோடு திரும்பி வருவதைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. "வயசானவங்க, அவ்வளவுதான் சாப்பிடுவாங்க" என்றார் மேனேஜர் சார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் திரும்பி வந்த தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். சோறு விறைத்துக் கிடந்தது. சாம்பார் மேலே ஆடை கட்டியிருந்தது. என் சமையல்தான், ஆனால் எனக்கே இறங்கவில்லை.

விஷயம் என்னவென்றால், சமையல்கட்டு பின்னால் தனியாக இருக்கிறது. அங்கேயே முப்பது பேருக்கும் தட்டில் போட்டு, முற்றத்தைத் தாண்டி எடுத்துக்கொண்டுபோய், ஒவ்வொரு அறையாகக் கொடுத்து முடிப்பதற்குள் எல்லாம் ஆறிவிடும். கடைசி அறைக்காரர்களுக்குப் பழையசோறுதான்.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். தள்ளுவண்டியில் ஓர் அகலமான அண்டாவை வைத்து, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, சோறு, குழம்பு, ரசம் எல்லாவற்றையும் தூக்குவாளிகளில் போட்டு அதற்குள் இறக்கிவிடுவேன். ஆளுக்கு முன்னால் போய் நின்றுதான் தட்டில் போடுவது. பல் இல்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைக்காமல், சோறு தனி, பருப்பு தனி, காய் தனி என்று மசித்து வைத்தேன். தாளிப்பை மட்டும் வராந்தாவின் கோடியில் ஒரு சின்ன அடுப்பில் வைத்துக்கொண்டேன். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழுந்த சத்தம் கேட்டதும், படுத்துக்கிடந்தவர்கள் எழுந்து உட்காருவார்கள்.

அங்கே ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் கண்டக்டர் அண்ணன்தான். "முன்னெல்லாம் டிக்கெட் கிழிக்கிற மாதிரி சோத்தைக் கிள்ளிப் பாத்துட்டு எந்திரிச்சிருவேன் தங்கச்சி. இப்ப வவுத்துல ஸ்டாண்டிங்ல கூட இடமில்ல" என்று கேலி செய்வார். தட்டுகள் வழித்துச் சாப்பிட்டுக் காலியாக வர ஆரம்பித்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் அந்த அம்மா வந்து சேர்ந்தார். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு காலத்தில் சொந்தமாகக் காடு வைத்துப் பருத்தியும் மக்காச்சோளமும் போட்ட குடும்பம். காடு கைமாறிப் போய்விட்டது. ஒரே மகன் வெளிநாட்டில் வேலை செய்கிறார். பெரியம்மாவுக்கு ஞாபகம் முன்னே பின்னே போய்க்கொண்டிருந்தது. கடைசி அறையில், ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் அவரைப் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய், அதற்கு அந்தப் பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் யாருடைய பருத்திக் காடோ.

அவர் சாப்பிடவில்லை. காலையில் அரை டம்ளர் காபி, இரவில் ஒரு வாய் பால், அவ்வளவுதான். மத்தியானச் சோற்றைத் தொடுவதே இல்லை. கடைசி அறை என்பதால் ஆறிப்போகிறது என்று நினைத்தேன். சரி, இவருக்கு முதலில் கொடுப்போம் என்று, வண்டியை முற்றத்தைத் தாண்டியதும் நேராக அங்கேதான் தள்ளிக்கொண்டு போனேன். ஆவி பறக்கப் பறக்கப் பரிமாறுவேன். அவர் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "எல்லாரும் கரையேறிட்டாங்களா?" என்று கேட்பார். நானும் "ஏறிட்டாங்க, நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பருக்கைகூடக் குறைந்திருக்காது.

என் ரோஷம் விடவில்லை. முருங்கைக்காய் சாம்பார், பூண்டு ரசம், கத்தரிக்காய்ப் பொரியல், ஒருநாள் சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும்கூட வைத்துப் பார்த்தேன். வாசம் பிடித்ததும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். கை மட்டும் தட்டுக்கு வராது. அவர் உடம்பு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போனது. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது.

வாரம் ஒருமுறை வருகிற டாக்டர் பார்த்துவிட்டு, அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. மகன் போனில் மேனேஜர் சாரிடம் அழுதாராம். "போட்டுருங்க சார், எங்கம்மா பசியோட கெடக்கக்கூடாது" என்றாராம். ஆனால் நர்ஸ் பெண் என்னிடம் வந்து இன்னொரு விஷயம் சொன்னாள். இங்கே வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒருமுறை டியூப் போட்டபோது பெரியம்மா அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டாராம். அதனால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்களாம். பெரியம்மாவின் மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. மூக்கில் டியூப்போடு, கைகள் கட்டப்பட்டு, ஜன்னலைப் பார்த்தபடி அவர் கிடப்பது மாதிரியே நினைப்பு வந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் நர்ஸ் பெண் வராந்தாவில் நின்று கத்தினாள். "அக்கா, இங்க வந்து பாருங்க, கெழவி பண்ணிருக்கிற வேலைய!"

ஓடினேன். பெரியம்மாவின் போர்வைக்குள் ஒரு தட்டு இருந்தது. பரிமாறிய சோறும் சாம்பாரும் அப்படியே இருக்க, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, ஒரு பழைய நூல்சேலையால் சுற்றி, போர்வையின் மடிப்புக்குள் செருகி வைத்திருந்தார். படுக்கை விரிப்பெல்லாம் சாம்பார். இதற்கு முன்னாலும் இரண்டொரு தடவை இப்படிச் செய்திருக்கிறார் என்றும், தான்தான் பேசாமல் எடுத்துக் கழுவப் போட்டதாகவும் நர்ஸ் பெண் சொன்னாள். "புத்தி பெசகிப்போச்சுக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் அந்தத் தட்டைக் கையில் வாங்கினேன். வாங்கியதும் திகைத்துப் போனேன். தட்டு சூடாக இருந்தது. நான் பரிமாறி எவ்வளவோ நேரமாகிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் சாப்பிட்டு முடித்து ஒரு தூக்கம்கூடப் போட்டிருந்தார்கள். என் அண்டா வெந்நீரே அதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. இவர் தட்டு மட்டும் ஆறவில்லை.

நர்ஸ் பெண்ணை அனுப்பிவிட்டு, அவர் கட்டிலிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். அவர் பார்க்கிற திசையில் நானும் பார்த்தேன். வெயில் வந்தும் வராத மாதிரி ஒரு மங்கல். வேலிக்கு அப்பால் பருத்தி எடுக்கிற பெண்கள் இடுப்பில் துணியை மடியாகக் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்குள் அவர்கள் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது, மறைந்தது, வேறொரு இடத்தில் தெரிந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே கண் சொருகியது. அது எந்த வருஷம், நான் யார் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"ஏம்மா, இன்னும் அவங்க கரையேறலையே" என்றார் பெரியம்மா.

"யாரு பெரியம்மா?"

"காட்டுக்குப் போனவங்கதான். அவங்க சாப்புடாம நான் எப்புடி சாப்புடுறது? சோறு ஆறிப்போவும். அதான் சுத்தி வெச்சேன்."

காட்டு வேலை முடித்து, வரப்பேறி வீட்டுக்கு வருவதைத்தான் அவர் இத்தனை நாளும் கரையேறுவது என்று சொல்லியிருக்கிறார். அவருக்குச் சோறு வேண்டாமென்று இல்லை. கொலைப்பசியிலும் அவர் அதை வேலைக்குப் போனவர்களுக்காகச் சூடு ஆறாமல் காத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. புருஷன், பிள்ளைகள், மாமனார், காட்டு வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் வீட்டுக்காரி தட்டை எடுப்பாள். அவர்தான் அந்த வீட்டுக்காரி. நானோ ஊருக்கு முன்னால் முதல் தட்டை அவர் முன் வைத்து, பெரிய உபகாரம் செய்கிற மாதிரி நின்றிருக்கிறேன். முதல் தட்டை அவர் எப்படித் தொடுவார்?

மறுநாள் அவருக்குக் கடைசியாகப் பரிமாறினேன். "எல்லாரும் சாப்டாச்சு பெரியம்மா" என்றேன். அவர் ஜன்னலைக் காட்டினார். பருத்திக் காட்டில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். தட்டை மூடிவிட்டார்.

டாக்டர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனாலும் அதே யோசனைதான். ஒரு வீட்டுக்காரிக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள் என்பது எப்படித் தெரியும்? யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். என் வீட்டுக்காரரும் பையன்களும் சாப்பிட்டதை நான் எப்படித் தெரிந்துகொள்கிறேன்? கொல்லைப்புறத்தில் கை கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்கும். ஒரு ஏப்பம் கேட்கும். தட்டைப் போடுகிற சத்தம் கேட்கும். அப்போதுதான் என் கை சோற்றுப் பானைக்குப் போகும். இல்லத்தில் அந்தச் சத்தம் எதுவுமே பெரியம்மாவுக்குக் கேட்க வழியில்லை. எல்லோருக்கும் கட்டிலிலேயே கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்துக் கை கழுவவைத்துவிடுகிறோம்.

அடுத்த நாள் காலையில் கண்டக்டர் அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேலி பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "எனக்கென்ன, விசிலடிச்சு ஆள எறக்குறதுதானே" என்றார்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், நடக்க முடிந்தவர்கள் எல்லோரையும் அவர் பின்பக்கமாக அழைத்து வந்தார். சிலர் கைத்தடியோடு வந்தார்கள். ஒருவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, வெளுத்த சேலை, தலையில் துண்டு. அந்த மங்கலில், வேலி ஓரமாக வரிசையாக அவர்கள் நடந்து வந்ததைப் பார்த்தபோது, பருத்திக் காட்டிலிருந்தே எழுந்து வருகிற மாதிரி இருந்தது. ஜன்னலுக்குக் கீழே இருந்த குழாயில் ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள். வாய் கொப்பளித்தார்கள். யாரோ நீளமாக ஏப்பம் விட்டார்.

கண்டக்டர் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வயிறு ரொம்பிருச்சு ஆத்தா. நீங்க சாப்புடுங்க, நாங்க நெழல்ல செத்த நேரம் படுக்குறோம்."

பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "குழம்பு பத்துச்சா?" என்று கேட்டார்.

"மிச்சமே இருக்கு ஆத்தா."

அவர் திரும்பி என்னைப் பார்த்து, "எனக்குப் போடு" என்றார்.

வெந்நீர் அண்டாவிலிருந்து தூக்குவாளியை எடுத்து, ஆவி பறக்கும் சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்தேன். "நீ ஏன் பெசையுற, எனக்குக் கை இல்லியா?" என்று தட்டை இழுத்துக்கொண்டார். மெதுவாகத்தான் சாப்பிட்டார், கண்ணை மூடிக்கொண்டு. நர்ஸ் பெண் வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே கண்டக்டர் அண்ணன் நிஜமாகவே வேப்பமரத்து நிழலில் படுத்துவிட்டார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, டியூப் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மகனுக்கு மேனேஜர் சாரே போன் பண்ணிச் சொன்னார். அதிலிருந்து தினமும் அந்த ஊர்வலம் நடந்தது. எங்கள் இல்லத்துக்காரர்களுக்கும் அது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தே கிடந்தவர்கள் நாலு எட்டு நடந்தார்கள். "நாந்தான் இன்னிக்கு முதல்ல கரையேறுவேன்" என்று போட்டி வேறு. தை முடிந்து, பருத்தி எடுத்துத் தீர்ந்து, வெளியே காடு வெறும் செடியாக நின்றபோதும் பெரியம்மாவுக்கு அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ரவிக்கை தோளில் நின்றது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாசி மாதத்தில் ஒருநாள். கூட வேலை செய்யும் இரண்டு பேரும் வரவில்லை. எனக்கோ முந்தின நாளிலிருந்து காய்ச்சல். சொன்னால் முப்பது பேர் பட்டினி என்று வாயைத் திறக்காமல் நான் ஒருத்தியே ஆக்கி, வண்டியைத் தள்ளி, பரிமாறி முடித்தேன். தலை மிதந்துகொண்டிருந்தது. குழாயடி ஊர்வலம் முடிந்து, பெரியம்மாவுக்குத் தட்டில் போட்டு வைத்தேன். அவர் தொடவில்லை.

"எல்லாரும் வந்துட்டாங்களே பெரியம்மா, பாத்தீங்கல்ல?"

"ஒருத்தி பாக்கி" என்றார்.

எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. மறுபடியும் ஆரம்பமா, யாரை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்? "யாரு பெரியம்மா பாக்கி? கண்டக்டர் அண்ணன்கூடத் தூங்கிட்டாரு" என்றேன்.

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். என்றைக்கும் இருக்கிற அந்த மங்கல் அப்போது அவர் கண்ணில் இல்லை.

"ஆக்குனவ இன்னும் சாப்புடலையே" என்றார்.

பிறகு தன் தட்டை அப்படியே எடுத்து, இன்னொரு தட்டைக் கவிழ்த்து, பழைய சேலையைத் தேடிச் சுற்றினார். போர்வையை விலக்கி உள்ளே வைத்தார். "போயி மூஞ்சக் கழுவிட்டு வா. ஆறாது" என்றார்.

குழாயடிக்குப் போனேன். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டபோது கண்ணீரும் அதோடு சேர்ந்து போனது. எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையைச் சுரண்டிச் சாப்பிடுகிறவள் நான். இல்லத்தில் எல்லாப் பாத்திரமும் கழுவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று நின்றுகொண்டே ஆறினதை வாயில் போட்டுக்கொள்கிறவள். யாரையும் குற்றம் சொல்லவில்லை, அது யாருக்கும் தோன்றியதில்லை, எனக்குமே தோன்றியதில்லை. ஊருக்கெல்லாம் சோறு ஆறக்கூடாது என்று அண்டாவும் வண்டியுமாக அலைந்தவள், என் சோறு சூடாக இருந்ததா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தார். சேலையைப் பிரித்துத் தட்டைக் கொடுத்தார். திறந்ததும் ஆவி என் முகத்தில் அடித்தது. நான் ஆக்கிய ரசம்தான், நான் வடித்த சோறுதான். அப்படி ஒரு ருசி அதில் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற சத்தம் கேட்டபிறகு, அவர் தனக்குப் போடச் சொன்னார்.

அதற்கப்புறம் தினமும் நாங்கள் இருவரும் கடைசியாக, ஜன்னலோரத்தில்தான் சாப்பிட்டோம். ஆடி மாதத்தில், ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே பெரியம்மா போய்விட்டார். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தார். மூக்கில் டியூப் இல்லை, கைகள் கட்டப்படவில்லை. மகன் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் புறப்படும்போது, அம்மா ஞாபகமாக ஏதாவது வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். அந்த நூல்சேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் நான் கடைசியாகத்தான் சாப்பிடுகிறேன், அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகாது. ஆனால் பரிமாறக் கிளம்பும் முன்னால் எனக்கென்று ஒரு தட்டு எடுத்து அந்தச் சேலையில் சுற்றி வைத்துவிடுகிறேன். எல்லோரும் கை கழுவிப் போனபிறகு அதைப் பிரிக்கும்போது எழுகிற ஆவியில், நான் கரையேறி வருகிறேனா என்று எனக்காகவும் ஒருத்தி பசியோடு பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தினமும் ஒருமுறை ஞாபகம் வருகிறது.